66 டிகிரில ஒரு மணி நேரம்: கராஜ்ல பீர் காய்ச்சற அண்டாவுக்கு சென்சார் போட்ட கதை

போன ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவையா என் அண்டா ஒரு மணி நேரம் முழுசா 65.6க்கும் 66.4க்கும் நடுவுல அடங்கி உக்காந்துச்சு. இது அஞ்சாவது பேட்ச். முன்னாடி போட்ட நாலுல ஒண்ணு பானகம், ஒண்ணு வெறும் தண்ணி, ஒண்ணு பாதி கராஜ் தரைல, மிச்சம் ஒண்ணு சுமாரா வந்துச்சு, அதுவும் ஒரு மணி நேரம் கரண்டிய போட்டு கிண்டிக்கிட்டே நின்னதால வந்துச்சே தவிர சென்சார் புண்ணியத்துல இல்ல.

நான் இருக்கறது லண்டனுக்குத் தெக்கால, கிராய்டன்ல. இங்க வீட்டுக்குக் குடிக்க பீர் காய்ச்சிக்கலாம், விக்கத்தான் கூடாது. 1963 வரைக்கும் அதுக்கும் லைசென்ஸ் கேட்டாங்க, அப்புறம் எடுத்துட்டாங்க. ஊர்ல இதே வேலைய செஞ்சா போலீஸ் ஜீப் வாசல்ல நிக்கும், அதனால இத படிச்சிட்டு யாரும் மொட்ட மாடில ஆரம்பிச்சிடாதீங்க. அம்மா வாட்ஸ்அப் வீடியோல அண்டாவ பாத்துட்டு "என்னடா இது, கோயிலுக்கு பொங்கல் வெக்கப் போறியா"ன்னாங்க, பின்னாடி இருந்து அப்பா மட்டும் "ஊறல் போடறான் உன் புள்ள"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு.

அண்டான்னா 33 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பானை, கீழ ஒரு டாப் (தண்ணி தெறந்து விடற குழாய்), அதுக்கு எதிர்ப்பக்கம் அடில 2.75 கிலோவாட் ஹீட்டிங் எலிமென்ட். இங்க கரண்ட் 230 வோல்ட், அப்ப 12 ஆம்ப் இழுக்கும், சாதாரண 13 ஆம்ப் ப்ளக்லயே ஓடிடும். 27 லிட்டர் பைப் தண்ணி 12 டிகிரில இருந்து 70க்கு வர கணக்குப்படி 40 நிமிஷம், நெஜத்துல 50 ஆவுது. அப்புறம் நாலரை கிலோ மால்ட்டு, அதாவது முளைகட்டி காய வெச்சு ஒடச்ச பார்லி, நான் வாங்கறது மாரிஸ் ஆட்டர்ங்கற ரகம், அத ஒரு பெரிய துணிப்பைல போட்டு ஒரு மணி நேரம் 66 டிகிரில ஊற வெக்கணும். இதுக்குப் பேரு மாஷ். மாவுச்சத்து சக்கரையா மாறறது இந்த ஒரு மணி நேரத்துலதான், சூடு நாலஞ்சு டிகிரி மேல போனா ஈஸ்ட்டால திங்க முடியாத சக்கரை மிஞ்சி இனிப்பா நிக்கும், கீழ போனா மெலிஞ்சு சப்புன்னு போயிடும். நம்ம சண்டையெல்லாம் இந்த நாலஞ்சு டிகிரிக்குத்தான்.

சென்சார் டிஎஸ்18பி20. ஆன்லைன்ல அஞ்சு பீஸ் 9 பவுண்டு, ஸ்டீல் குப்பி போட்ட வாட்டர்ப்ரூஃப் மாடல், ஒரு மீட்டர் வயரோட. குப்பி 6 மிமீ தடிமன், 50 மிமீ நீளம். செவப்பு பவர், கருப்பு கிரவுண்டு, மஞ்சள் டேட்டா, டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், அவ்ளோதான் வயரிங். மண்டை வேலைக்கு ஒரு இஎஸ்பி32 போர்டு, அதாவது ப்ரோக்ராம் ஓடற குட்டி கம்ப்யூட்டர், 7 பவுண்டு, எலிமென்ட்ட ஆன் ஆஃப் பண்ண 25 ஆம்ப் எஸ்எஸ்ஆர், அதாவது எலக்ட்ரானிக் ஸ்விட்ச், சூட்ட வெளிய விடற ஹீட்சிங்க்கோட 11 பவுண்டு. அந்த எஸ்எஸ்ஆர் மேல 3 வோல்ட்ல இருந்து வேலை செய்யும்னு போட்டிருந்துச்சு, ஆனா போர்டோட 3.3 வோல்ட்ட நேரா குடுத்தா ஒரு சமயம் புடிக்குது ஒரு சமயம் புடிக்கல, நடுவுல ஒரு 2என்2222 ட்ரான்சிஸ்டர் போட்டு 5 வோல்ட் குடுத்ததும் ஒழுங்கா வந்துடுச்சு. ஹீட்சிங்க் இல்லாம எஸ்எஸ்ஆர் ஓட்டலாமான்னு யோசிக்கறவங்களுக்கு, 12 ஆம்ப் ஓடறப்ப அதுவே 15 வாட்டுக்கு மேல சூடாகும், கைய வெச்சுப் பாத்தா புரியும்.

முதல் பேட்ச்ல நான் பண்ண கூத்து இருக்கே. பேரே வாட்டர்ப்ரூஃப் தானேன்னு சென்சார அப்பிடியே வயரோட அண்டாக்குள்ள தொங்க விட்டுட்டேன். அரை மணி நேரம் நல்லாதான் காட்டிச்சு, 65, 66, 66. அப்புறம் நான் சாப்பிட உள்ள போயிட்டேன். திரும்ப வந்து பாத்தா ஸ்க்ரீன்ல -127. கராஜே குக்கர் வெச்ச மாதிரி ஆவி. வேற தெர்மாமீட்டர விட்டுப் பாத்தா 84.

நடந்தது இதுதான். குப்பியோட வாய்ல வெறும் ஹீட்ஷ்ரிங்க் ட்யூப்தான் சுத்தியிருக்கு, சுடுதண்ணில அது இளகி உள்ள தண்ணி எறங்கி சென்சார் செத்துடுச்சு. சென்சார் கிடைக்கலைன்னா நான் போட்டிருந்த லைப்ரரி (யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் கோடு) -127ன்னு ஒரு நம்பர் குடுக்கும். என் ப்ரோக்ராம் பாவம், "அய்யோ -127 டிகிரியா, இவ்ளோ குளுந்து கெடக்கே"ன்னு எலிமென்ட்ட முழுசா ஏத்தி விட்டுடுச்சு. சென்சார் செத்தா ஹீட்டர் அணையணும், எனக்கு அப்பிடியே தலைகீழா நடந்துச்சு. ஹைட்ரோமீட்டர்னா வெறும் தண்ணிய 1.000ன்னு வெச்சு சக்கரை எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டற கருவி, ஈஸ்ட் திங்கத் திங்க நம்பர் எறங்கும். அந்த பீர் கடைசில அதுல 1.022லயே நின்னுடுச்சு, 1.011க்கு எறங்கியிருக்கணும். குடிச்சா பானகத்துல வேப்பங்கொழுந்து போட்ட மாதிரி.

அன்னைக்கு ராத்திரியே ப்ரோக்ராம்ல மூணு வரி சேத்தேன். -127 வந்தா தூக்கிப் போடு, சரியா 85.0 வந்தாலும் தூக்கிப் போடு, அஞ்சு தடவை தொடர்ந்து தப்பா வந்தா ஹீட்டர அணைச்சிட்டு பஸ்ஸர் அடி. 85 எதுக்குன்னா, இந்த சென்சார் கரண்ட் வந்ததும் முதல் ரீடிங் எடுக்கற வரைக்கும் கையில வெச்சிருக்கற நம்பர் அது. அந்த முதல் ரீடிங்குக்கு முக்கா செகண்ட் எடுக்கும், அதுக்குள்ள அவசரப்பட்டு கேட்டாலும் 85தான் பதில். ப்ரெட்போர்டுல வயர் லூஸா இருந்ததால கராஜ் கதவ சாத்தினா 85, நான் தும்மினா 85. பி‌சிபில வெச்சு சால்டர் பண்ணதும் அந்தத் தொல்லை நின்னுச்சு.

சரி, தண்ணி சென்சார தொடக்கூடாது, அப்ப தெர்மோவெல் போடணும். ஒரு பக்கம் மூடின ஸ்டீல் குழாய், அண்டால ஓட்டை போட்டு மாட்டிட்டா சென்சார வெளிய இருந்து அதுக்குள்ள சொருகிக்கலாம். 100 மிமீ நீளம், அரை இன்ச் த்ரெட், ஒண்ணு 6 பவுண்டு.

ஓட்டை போடறதுதான் எனக்கு வயித்துல புளி கரைச்ச வேலை, 38 பவுண்டு அண்டா ஆச்சே. மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க் பண்ணி, சென்டர் பஞ்ச்ல ஒரு தட்டு, 3 மிமீ பிட்ல பைலட் ஓட்டை, அப்புறம் ஓட்டைய படிப்படியா பெருசாக்கற ஸ்டெப் ட்ரில். ஸ்பீட நல்லா கம்மியா வெச்சு, நல்லா அமுக்கி, கட்டிங் ஆயில் இல்லாததால சமையல் எண்ணெய விட்டுக்கிட்டே போட்டேன். ஸ்பீடா சுத்தினா ஸ்டெயின்லெஸ் சூடேறி இறுகிடும், அப்புறம் பிட்டு மேல வழுக்கிக்கிட்டு சுத்துமே தவிர ஒரு சுருள் கூட வராது. எனக்கு 14 மிமீ கிட்ட அப்பிடி ஆயி பத்து நிமிஷம் கத்திக்கிட்டு கெடந்துச்சு.

தப்பு பண்ணது அதுக்கு மேலதான். த்ரெட்டோட வெளி விட்டம் வெர்னியர்ல 21.2 காட்டிச்சு, என் ஸ்டெப் ட்ரில்ல 20க்கு அப்புறம் 22. யோசிக்காம 22 போட்டுட்டேன். ஓட்டை லூஸு, ஒழுகாம தடுக்கற ஓ ரிங் வளையம் நடுவுல உக்காரல, ஒரு பக்கம் ஒதுங்கி சொட்டு சொட்டா ஒழுகுது. இன்னும் இறுக்கினா ரிங் பிதுங்குது. அதுல இன்னொரு வேடிக்கை, தெர்மோவெல் அமெரிக்க என்பிடி த்ரெட்டு, நான் இங்க கடைல வாங்கின நட்டு பிரிட்டிஷ் பிஎஸ்பி த்ரெட்டு. அரை இன்ச்ல ரெண்டுக்குமே இன்ச்சுக்கு 14 புரி, அதனால ஏறவும் ஏறிடும், ஆனா புரியோட கோணம் வேற, ரெண்டு சுத்துக்கு மேல முரண்டு புடிக்கும். கடைசில டெஃப்லான் டேப் ஆறு சுத்து, சிலிக்கான் ஓ ரிங்க உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணு, அதோட நின்னுச்சு. ரெண்டாவது ஓட்டைய 20ல நிறுத்தி அரைவட்ட அரம் வெச்சு ராவினேன், இருவது நிமிஷம் ஆச்சு, ஒரு சொட்டு ஒழுகல.

தெர்மோவெல்லுக்குள்ள சென்சார சும்மா சொருகினா நடுவுல காத்துதான் நிக்கும். சுடுதண்ணிய ஊத்தி ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்தேன், சரியான ரீடிங்குக்கு வர 70 செகண்ட். கம்ப்யூட்டர் ப்ராசசருக்குத் தடவற தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, குப்பி முனைல பூசி விட்டதும் 20 செகண்டுக்கு வந்துடுச்சு. இந்த மொத்த வேலைல காசே செலவாகாம இவ்ளோ பலன் குடுத்தது இது ஒண்ணுதான்.

மாட்டறதுக்கு முன்னாடி மிச்சம் இருந்த நாலு சென்சாரையும் ரப்பர் பேண்டு போட்டு கட்டி, ப்ளாஸ்க்ல ஐஸ ஒடச்சு போட்டு, கொஞ்சமா தண்ணி விட்டு, கால் மணி நேரம் வெச்சேன். எல்லாம் 0 காட்டணும். 0.19, 0.31, 0.25, அப்புறம் ஒருத்தர் மட்டும் 1.62. அரை டிகிரி வித்தியாசம் வரலாம்னு டேட்டாஷீட்லயே இருக்கு, 1.62 கொஞ்சம் ஓவர். அட்ரஸ எடுத்துப் பாத்தா நாலுமே டூப்ளிகேட். இந்த சென்சார் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு தனி நம்பர் இருக்கும், ஒரிஜினல்னா 28ல ஆரம்பிச்சு கடைசி பைட்டுக்கு முன்னாடி ரெண்டு பைட் 00 00ன்னு வரும், என்னுது நாலுலயும் அங்க வேற என்னென்னமோ இருந்துச்சு. டூப்ளிகேட்டா இருந்தாலும் மூணு ஒழுங்கா காட்டினதால திட்ட மனசு வரல, அந்த 1.62 ஆள மட்டும் கராஜ் சூடு பாக்க சொவத்துல தொங்க விட்டாச்சு. ஒரிஜினல் ரெண்டு பீஸ் எலக்ட்ரானிக்ஸ் கடைல தனியா 9 பவுண்டுக்கு வாங்கினேன்.

கொதிக்கற தண்ணிலயும் பாத்தேன், 99.4லயே நிக்குது, அடடா இதுவும் போச்சான்னு அதுக்கு 0.6 கூட்டி ப்ரோக்ராம்ல எழுதி வெச்சிட்டேன். மறுநாள்தான் ஒறைச்சுது, அன்னைக்கு நல்ல மழை, காத்தழுத்தம் 990 மில்லிபார், அதுல தண்ணி 99.4லதான் கொதிக்கும். சென்சார் ஒழுங்கா சொன்னத நான் உக்காந்து கெடுத்து வெச்சிருந்தேன்.

ரெண்டாவது பேட்ச். தெர்மோவெல் அடில, எலிமென்ட்டுக்கு மூணு விரக்கடை மேல. ஸ்க்ரீன்ல ஒரு மணி நேரமும் 66.0, 66.1, 65.9, ஃபோட்டோவெல்லாம் புடிச்சு ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பிட்டேன். பைய தூக்கறப்ப சும்மா ஒரு ஆசைக்கு கிச்சன் தெர்மாமீட்டர மால்ட்டு நடுவுல குத்திப் பாத்தா 60.5. சென்சார் எலிமென்ட்டுக்குப் பக்கத்துல உக்காந்து குளிர் காயுது, தனக்கு சூடு போதும்னு அணைச்சிடுது, பைக்குள்ள கெட்டியா கெடக்கற மால்ட்டுக்கு அந்த சூடு போய்ச் சேரவே இல்ல. வெறும் தண்ணில டெஸ்ட் பண்ணப்ப இது தெரியல, தண்ணி தானா சுத்தும், மால்ட்டு சுத்தாது. ஆரம்பத்துல 1.036, முடிவுல 1.004. பீர்னு சொல்லிக்கலாம், அவ்ளோதான்.

மூணாவதுக்கு மேல நடு உயரத்துல இன்னொரு ஓட்டை, தெர்மோவெல் மால்ட்டுக்குள்ளயே நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி. ரீடிங் அருமை. ஆனா முடிஞ்சதும் பைய தூக்கறப்ப அந்த 100 மிமீ குழாய் பையோட மடிப்புல கொக்கி மாதிரி மாட்டிக்கிச்சு. ஈர மால்ட்டு எட்டு ஒம்பது கிலோ இருக்கும், நான் ஸ்டூல் மேல நின்னு இழுக்க, துணி ஒரு முழத்துக்குக் கிழிஞ்சு சுடச்சுட கஞ்சி மாதிரி மொத்தமும் அண்டாவுக்குள்ள பாதி, தரைல பாதி. செருப்பு போட்டிருந்தேன், காலு தப்பிச்சுது. மூணு நாளு கராஜ்ல ஹார்லிக்ஸ் வாசனை.

நாலாவது கைல கிண்டினது, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறம்தான் ஒரு வழிக்கு வந்தேன். சென்சார் எங்க வெச்சாலும் அது இருக்கற எடத்தோட சூட்டத்தான் சொல்லும், அதனால சென்சார நகத்தறத விட்டுட்டு தண்ணிய நகத்திடலாம். 12 வோல்ட் சின்ன பம்ப் ஒண்ணு, சூடு தாங்கற ஃபுட் க்ரேடு, 17 பவுண்டு, அதுக்கு அடாப்டர் 6. கீழ டாப்ல இருந்து உறிஞ்சி சிலிக்கான் ட்யூப் வழியா மேல பைக்குள்ள ஊத்தும். பம்ப தாண்டினதும் ஒரு அரை இன்ச் ஸ்டீல் டீ, அதாவது T வடிவத்துல மூணு வாய் இருக்கற பைப் ஜாயின்ட், அதோட நேர் வாய்ல 30 மிமீ குட்டி தெர்மோவெல், ஓடற தண்ணி எல்லாம் அத உரசிக்கிட்டுத்தான் போகணும். ஒரிஜினல் சென்சார் ஒண்ணு அதுல. ஹீட்டர ஆட்டி வெக்கறது இதோட ரீடிங்தான். அடில எலிமென்ட் பக்கத்துல இருந்த பழைய தெர்மோவெல்ல இன்னொரு சென்சார், அது காவக்காரன், மாஷ் நடக்கறப்ப 75 தாண்டினா கேள்வி கேக்காம அணைச்சிடும். நடு ஓட்டைக்கு ப்ளக் போட்டு மூடியாச்சு.

பம்ப் முதல் பத்து நிமிஷத்துலயே உமி அடைச்சு நின்னுச்சு. டாப்போட உள்வாய்ல டீ வடிகட்டியோட வலைய வெட்டி சுருட்டி சொருகினேன், அடைக்கறது நின்னுச்சு.

பிஐடி பிஐடிங்கறாங்களே, ஹீட்டர எவ்ளோ நேரம் போடணும்னு மூணு நம்பர் வெச்சு கணக்குப் போடற முறை, ரெண்டு வாரம் ராத்திரி அந்த மூணு நம்பரோட மல்லுக்கட்டினேன், ஒரு தடவை 69 வரைக்கும் ஏறும், ஒரு தடவை 64லயே தேங்கும். வெறுத்துப் போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு சும்மா இப்பிடி எழுதினேன்: 64.5க்கு கீழ இருந்தா முழு ஹீட்டு, 64.5ல இருந்து 66 வரைக்கும் அஞ்சு செகண்டுக்கு ஒரு செகண்டு மட்டும் ஹீட்டு, 66 ஆனா அணை. அண்டாவ சுத்தி வெள்ளி கலர் பபிள் ரேப் ரெண்டு சுத்து. வெளிய 8 டிகிரி குளுர்லயும் இது போதுமா இருக்கு. பிஐடி தெரிஞ்சவங்க சிரிச்சிக்கோங்க, பரவால்ல.

மெயின்ஸ் பக்கம் ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு வீடு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா, முப்பது வருஷமா எலக்ட்ரீஷியன். சும்மா பாக்க வந்தவரு அண்டாவ சுத்தி ஒரு ரவுண்டு வந்துட்டு, "தம்பி, உதுக்கு ஏர்த் எங்கை குடுத்திருக்கிறீர்?"ன்னாரு. எலிமென்ட் ப்ளக்லயே ஏர்த் இருக்கேண்ணான்னேன். "அது எலிமென்ட்டுக்கு. பானைக்கு?" நான் முழிச்சேன். மீட்டர எடுத்துட்டு வந்து வெச்சுப் பாத்தா, எலிமென்ட்ட சிலிக்கான் வாஷர் போட்டு மாட்டினதுல அண்டா பாடிக்கும் ஏர்த்துக்கும் கனெக்‌ஷனே இல்ல. "தண்ணியும் கரண்டும் ஒண்டா விளையாடுற இடம், உதில சிக்கனம் பாக்கப்படாது"ன்னு சொல்லி, அண்டா பாடில ஒரு போல்ட்டு போட்டு தனி ஏர்த் வயர் இழுத்து, எலிமென்ட் மெயின்ஸ் வயரையும் சென்சார் வயரையும் வேற வேற பொட்டில பிரிக்க வெச்சு, 30 மில்லிஆம்ப் ஆர்சிடி ப்ளக் (கரண்ட் கசிஞ்சா உடனே அணைச்சிடறது) ஒண்ணு வாங்கச் சொல்லிட்டுத்தான் போனாரு. அது 9 பவுண்டு. எஸ்எஸ்ஆர் கெட்டா பெரும்பாலும் ஆன்லயே மாட்டிக்கிட்டு கெடும்னும் அவருதான் சொன்னாரு, அதனால கைக்கெட்டற தூரத்துல ஒரு நல்ல ஸ்விட்ச்சும் இருக்கு. அவருக்கு கூலி பேட்ச்சுல நாலு பாட்டில், அவரு அஞ்சாவது பேட்ச் வரைக்கும் காத்திருக்கறேன்னுட்டாரு, நாலாவது பேட்ச்ச மோந்து பாத்துட்டு.

செலவு. டூப்ளிகேட் சென்சார் 9, ஒரிஜினல் 9, இஎஸ்பி32 7, எஸ்எஸ்ஆர் 11, தெர்மோவெல் ரெண்டு 12, டீயும் குட்டி தெர்மோவெல்லும் 9, பம்ப்பும் அடாப்டரும் 23, ஸ்டெப் ட்ரில் 8, பொட்டியும் கேபிள் க்ளாண்டும் 7, ஆர்சிடி 9. மொத்தம் 104 பவுண்டு, அண்டாவும் எலிமென்ட்டும் சேக்காம. "சல்லிசா ஒரு சென்சார் போடலாம்"னு ஆரம்பிச்ச வேலை. மூணு பேட்ச் மால்ட்டு வீணானத நான் கூட்டல, வீட்டுல கூட்டி வெச்சிருக்காங்க.

திரும்ப முதல்ல இருந்து செய்யறதா இருந்தா அண்டால ஓட்டையே போட மாட்டேன், டாப், பம்ப், டீ, அதுல சென்சார், காவல் சென்சார எலிமென்ட் கேஸோட சேத்தே வாங்கிடுவேன். அஞ்சு பீஸ் பாக்கெட் வாங்க மாட்டேன், ஒரிஜினல் ரெண்டு போதும். வயரும் மாத்தணும், இப்ப இருக்கற பிவிசி வயர் அண்டா பாடில படற எடத்துல ஒரு பக்கம் பளபளன்னு இளகின மாதிரி இருக்கு, சிலிக்கான் வயர் மூணு மீட்டர் ஆர்டர் போட்டிருக்கேன். அப்புறம் இந்த ஊரு தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி, அஞ்சே பேட்ச்ல எலிமென்ட் மேலயும் அடி தெர்மோவெல் மேலயும் வெள்ளையா ஒரு படலம், நகத்தால சுரண்டினா உதிருது. அது மேல படிஞ்சா ரீடிங் லேட்டாகும்னு தோணுது, சிட்ரிக் ஆசிட் ரெண்டு ஸ்பூன் போட்டு ஒரு கொதி விட்டா போயிடும், அடுத்த தடவை தேய்க்கறதுக்கு முன்னயும் பின்னயும் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாக்கணும்.

இப்போதைக்கு அஞ்சாவது பேட்ச் 1.047ல ஆரம்பிச்சு நாலாவது நாளா படிக்கட்டுக்கு அடில ஒரு ட்ரம்முல பொங்கிக்கிட்டு இருக்கு. மிச்சம் இருந்த டூப்ளிகேட் சென்சார் ஒண்ண ட்ரம்மோட வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டி, மேல ஸ்பாஞ்சு வெச்சு கட்டியிருக்கேன். படிக்கட்டுக்கு அடில 17.1, ட்ரம்முல 19.4. யாழ்ப்பாணத்து அண்ணா நேத்து வந்து மூடிய தெறக்கச் சொன்னாரு, தெறக்கக்கூடாதுண்ணான்னு சொல்லி ஃபோன்ல கிராஃப் மட்டும் காட்டி அனுப்பினேன்.